இரண்டாவது பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

உலக வரலாற்றில் இதுவரை யாரும் துணியாத ஒரு படையெடுப்புக்கான திட்டத்தை இன்று காலை சாப்பாட்டு மேசையில் விரித்தேன். படைபலம்: நான், அக்கா, பதினாறு வயதான டிரைவிங் ஸ்கூல் கார். இலக்கு: நானூற்று முப்பது கிலோமீட்டரில் எல்லை, அதைத் தாண்டி இன்னும் அறுபதில் அக்கா மகளின் வீடு. எதிரிகள்: ரயில்காரர்கள், பஸ்காரர்கள், விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள். மூன்று தரப்பும் வேலைநிறுத்தம். நான்காவது எதிரி பெட்ரோல். அது வேலைநிறுத்தம் செய்யவில்லை, ஆளையே காணோம். வாடகைக் கார்க்காரர்களோ திரும்பி வர எண்ணெய் கிடைக்காது என்று கும்பிடு போட்டுவிட்டார்கள்.

அக்கா அங்கே போய்த் தங்குவதற்கான அனுமதி, மூன்று வருடம் மனு மேல் மனு போட்டு வாங்கியது. மார்ச் 31-க்குள் எல்லையில் முத்திரை விழுந்தாக வேண்டும். தவறினால் அனுமதி செத்துவிடும். மறுபடி முதல் மனு, முதல் புகைப்படம், முதல் கொட்டாவி.

நம் வண்டி லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடும். டேங்க் முப்பத்தைந்து லிட்டர். பெருக்கினால் நானூற்றுத் தொண்ணூறு. அக்கா மகள் வீட்டு வாசல் வரை, ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போது டேங்கில் இருப்பது ஆறு லிட்டர்.

"நீ எப்படிடா திரும்பி வருவே?" என்றாள் அக்கா.

"மாவீரன் திரும்பி வர்றதைப் பத்தி யோசிக்க மாட்டான்."

"மாவீரனே, கையை எடு" என்று சூடான பாத்திரத்தைக் கொண்டுவந்து சரியாக எல்லையின் மேல் வைத்தாள். வரைபடத்தில் வட்டமாகப் பொசுங்கிவிட்டது.

மேசை ஆடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஒரு கால் குட்டையான மேசை. போன டிசம்பரில் கையில் கிடைத்த ஏதோ ஒரு தாளை எட்டாக மடித்து அடியில் செருகினேன். அன்றிலிருந்து மலை போல நிற்கிறது. பொறியியல் உலகம் இன்னும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 5

வண்டி எண்ணின் கடைசி இலக்கப்படி ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் முறை வரும். ஒரு முறைக்கு ஐந்து லிட்டர். கேனில் கிடையாது, டேங்கில் மட்டும். இன்று நம் முறை. வரிசையின் தலை பம்பில் இருந்தது, வால் அடுத்த நூற்றாண்டில் இருந்தது. நான் அந்த நூற்றாண்டில் நின்றேன்.

பம்பில் விசில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு நான் தளபதி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அஞ்சுதான் மாஸ்டர்."

"என்னப்பா, நான் ஒரு நாட்டையே தாண்டணும்."

"நாட்டைத் தாண்டுங்க, வேண்டாம்னு சொல்லலே. வரிசையைத் தாண்டாதீங்க."

டேங்கில் இப்போது பதினொன்று.

மார்ச் 7

சொட்டு பெட்ரோல்கூட வகுப்புக்குச் செலவழிப்பதில்லை என்று முடிவு. இருந்தாலும் மாணவர்களைக் கைவிடலாமா? ஆகவே என்ஜினைப் போடாமலே ஓட்டக் கற்றுத் தரும் புதிய முறையை இன்று கண்டுபிடித்தேன்.

முதல் மாணவி பல் டாக்டரம்மா. ஐந்து முறை டெஸ்டில் தோற்றவர். நான் பாடம் சொன்ன நாலாயிரம் பேரில் இப்படி ஒரு சாதனையாளர் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் சந்தில் நிற்கும் வண்டியில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், பக்கத்து சீட்டில் நான். என்ஜின் சத்தத்தை வாயால் கொடுத்தேன். முதல் கியருக்கு அடித்தொண்டை, இரண்டாவதுக்கு நெஞ்சு, மூன்றாவதுக்கு மூக்கு. ஒரு நாய் எழுந்து வழிவிட்டது.

"மாஸ்டர், நாம இப்ப எங்கே போயிட்டிருக்கோம்?"

"மலைப்பாதை. வலது பக்கம் பாதாளம். பேசாம ஓட்டுங்க."

ஒரு வளைவில் அவர் திருப்பத் தாமதித்தார். என் கால் தானாகப் போய், வாத்தியாருக்கென்று என் பக்கம் வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தது. நிற்கிற வண்டியில்! டாக்டரம்மா கீழே குனிந்து என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மார்ச் 9

அக்காவின் பெட்டி பிப்ரவரியிலிருந்தே கட்டித் தயாராக, இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள வாசலில் நிற்கிறது. தினமும் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்கிறேன். என் கட்டைவிரல் இப்போது ஒரு தனி நாடு, கொடிதான் இல்லை.

அக்கா காலையில் பெட்டியைத் திறந்து சீப்பை எடுக்கிறாள், தலை வாரியதும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். துண்டு, கண்ணாடி, மாத்திரை எல்லாமே அப்படித்தான். சொந்த வீட்டிலேயே பிரயாணி. நாலு தெரு தள்ளி, பம்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. கடைகளும் பாதி அடைப்பு. நடந்து போகும் தூரத்துக்குள் எங்கள் உலகம் சுருங்கிவிட்டது. அந்த உலகத்திலும் பாதி இடத்தை அந்தப் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 10

பதினாறு லிட்டர். இடுப்பு வலி.

மார்ச் 12

அக்கா மகள் போனில்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. அம்மா வந்துருவாங்களா?"

"உன் மாமன் யாரு தெரியுமா? தேவைப்பட்டா வண்டியைத் தோளில் தூக்கிட்டு வருவான்."

"நீங்க வேற மாமா. இங்கே ரெண்டும் தினமும் வாசல்ல போய் உட்காருதுங்க. பாட்டி வர்ற கார் என்ன கலருன்னு கேக்குதுங்க."

இரண்டு வயது இரட்டையர். அக்கா அவர்களைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். இதுவரை தொட்டதில்லை.

"வெள்ளை கலர். உச்சியில போர்டு இருக்கும்" என்றேன். குரல் கொஞ்சம் தடுமாறியது. சளி.

மார்ச் 15

பம்ப் மூடியிருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். மூடியிருக்கவில்லை.

மார்ச் 16

சட்டையில் பொத்தான் இல்லை என்று அக்கா பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த ஊசி நூலை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். "நேத்து வெயில்ல நின்னு ஏமாந்து வந்தியேடா, பாவம்" என்றாள்.

பாவமாம்.

மார்ச் 18

இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? பதினைந்தாம் தேதி வண்டியில் ஏறவே இல்லை. பூங்காவுக்கு நடந்துபோய் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? தெரியாதா என்ன. டேங்கில் முள் மேலே ஏற ஏற அக்கா போகும் நாள் கிட்டே வருகிறது.

இருபத்து நான்கு வருடம் முன்னால், அத்தான் இறந்த கையோடு, ஆறு வயதுப் பெண்ணையும் ஒரு பெட்டியையும் கூட்டிக்கொண்டு அக்கா இந்த வீட்டுக்கு வந்தாள். நான் அடைக்கலம் கொடுத்த வள்ளல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அன்று இந்த வீட்டில் ஒரு தட்டு இருந்தது, ஒரு தம்ளர் இருந்தது, வாடகைக்கு எடுத்த ஒரு கார் இருந்தது. யார் எந்த நாளில் வகுப்புக்கு வர வேண்டும், யாருக்கு லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று நோட்டுப் போட்டு ஸ்கூலை நடத்தியது அவள். நான் வாயால் நடத்தினேன். யாருக்கு யார் அடைக்கலம்?

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு பெரிய வாய் எதற்கு?

மார்ச் 20

இன்று உண்மையிலேயே போனேன். ஏழு மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு வண்டி இருக்கும்போது தளபதி விசில் ஊதிக் கைகளை விரித்தான். தீர்ந்துவிட்டது.

இதைச் சொன்னபோது அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பொய் சொன்ன அன்று நம்பினாள், உண்மை சொன்ன அன்று நம்பவில்லை.

அதே பதினாறு. இன்னும் பதினொரு நாள்.

மார்ச் 22, சனி

எல்லையில் காட்ட வேண்டிய காகிதங்களை அடுக்கினேன். வண்டிப் புத்தகம், காப்பீடு, பாஸ்போர்ட், லைசென்ஸ்.

லைசென்ஸ் ஜனவரி 11-ம் தேதியே முடிந்திருக்கிறது.

நான்காயிரம் பேரை உருவாக்கிய மகா ஆசிரியன்! பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவனிடம் லைசென்ஸை யார் கேட்கப்போகிறார்கள்? புதுப்பிக்கும் அலுவலகத்துக்கு ஓடினேன். கதவில் பூட்டு. பூட்டில் அறிவிப்பு. வேலைநிறுத்தம்.

சந்தோஷப்பட வேண்டியவன்தானே நான்? இனி பொய்யே தேவையில்லை. அக்கா இங்கேதான் இருப்பாள். பிறகு ஏன் அந்தப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்?

மார்ச் 23

எல்லாம் வெளியே வந்துவிட்டது. அக்கா காய்கறி வாங்கப் போன இடத்தில் தளபதியைப் பார்த்திருக்கிறாள்.

"பதினஞ்சாம் தேதி நீ அந்தப் பக்கமே வரலையாமே."

நான் தரையைப் பார்த்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"போகாதேக்கான்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். அது வேற. நீ என்னடா, என்னை ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, சாவி தொலைஞ்சுபோச்சுன்னு நீயும் சேர்ந்து தேடுற மாதிரி நடிச்சிருக்கே."

அடி என்றால் அது அடி. அந்த வேகத்தில் லைசென்ஸ் விஷயத்தையும் கொட்டிவிட்டேன். எப்படியும் போக முடியாது அக்கா, என் லைசென்ஸே செத்துப்போச்சு, அதுவும் ஜனவரியிலேயே...

அக்கா என்னைப் பார்த்தாள். மேசைக் காலைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"டிசம்பர்ல ஃபாரம் வாங்கி, உன் பேரெல்லாம் எழுதி, கையெழுத்து மட்டும் போடுடான்னு டீ தம்ளருக்கு அடியில வச்சேன். அதை நீ எங்கே வச்சே?"

பொறியியல் உலகம் என்னைக் கண்டுகொண்டது.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து பெட்டியைத் திறந்தாள். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு உறை. அதற்குள் அவளுடைய லைசென்ஸ். ஸ்கூலில் எல்லாருக்கும் போடுகிற கையோடு தனக்கும் ஒழுங்காகப் புதுப்பித்து வந்திருக்கிறாள். இன்னும் நான்கு வருடம் செல்லும்.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

மார்ச் 24

பத்தொன்பது வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லிவரும் ஒரு கதை உண்டு. அக்கா முதல் டெஸ்டிலேயே பாஸ் ஆனாள். மறுநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடைத்தெரு வரை ஓட்டினாள். பாதி வழியில் நட்ட நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை என் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்து போய்விட்டாள். அதோடு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "அக்கா ஓட்டினா பின்னாடி ஆமை ஹாரன் அடிக்கும்" என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

அந்தக் கதையில் நான் சொல்லாமல் விடுவது: அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் என் பக்கத்து பிரேக்கை நான் பதினொரு முறை மிதித்தேன். அவள் எண்ணியிருந்தாள். இன்று காலை சொன்னாள்.

மார்ச் 25

ஐந்து லிட்டர் கிடைத்தது. இருபத்தொன்று. வண்டியை அக்கா ஓட்டினாள், நான் கூடப் போனேன். தளபதி விசில் ஊத மறந்து நின்றான்.

மாலையில் சந்தில் என்ஜின் போடாமல் பயிற்சி. நான் மூன்றாம் கியருக்கு மூக்கைத் திறந்தேன்.

"வாயை மூடுடா. எனக்குத் தெரியும்."

மார்ச் 27, வியாழன்

பதினான்கு லிட்டர் குறைகிறது. அடுத்த முறை முப்பதாம் தேதிதான், அன்று கிடைத்தாலும் ஐந்துதான். அக்காவுக்குத்தான் அது தோன்றியது: டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பல் டாக்டரம்மா சொந்தக் கார் வாங்கி இரண்டு வருடம். ஓட்டத் தெரியாததால் அது நிரம்பிய டேங்கோடு கொட்டகையில் தூங்குகிறது.

போய் நின்றேன். டாக்டரம்மா ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"எடுத்துக்கங்க மாஸ்டர். ஆனா ஒண்ணு கேக்கணும். நான் ஏன் அஞ்சு தடவை ஃபெயிலானேன்?"

"அது... கொஞ்சம் பயம், கொஞ்சம் கவனம் —"

"நீங்க என்னை ஒரு தடவைகூட நிறுத்த விட்டதில்லை. நான் காலை எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க மிதிச்சுடுவீங்க. டெஸ்ட்ல பக்கத்துல இருக்கறவர் மிதிக்க மாட்டார். அஞ்சு தடவையும் நான் கோட்டைத் தாண்டித்தான் நின்னேன்."

ரப்பர் குழாயை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சினேன். வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாக. அப்புறம் அவருடைய நாற்காலியிலேயே சாய்ந்து அரை மணி நேரம் வாய் கொப்பளித்தேன். துப்பும் தொட்டி பெட்ரோல் பங்க் மாதிரி மணத்தது.

முப்பத்தைந்து.

மார்ச் 29

நாளை விடியற்காலை. அக்கா சீப்பைப் பெட்டிக்குள் வைத்தாள். இன்று பூட்டினால் நாளை திறக்க மாட்டாள், இந்த வீட்டில்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். "காலை மேலே தூக்கி வச்சுக்கணும்."

மார்ச் 30, ஞாயிறு. எல்லையில், டீக்கடை பெஞ்சில் எழுதுவது

தொண்ணூற்றாறு கிலோ எடையுள்ள நான், முன் சீட்டில் சம்மணம் போட்டு, நானூற்று முப்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். முனிவர்கள்கூட இவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்ததில்லை. முதல் நூறில் நான்கு முறை கால் தானாக இறங்கியது. நான்கு முறையும் அக்கா என் முழங்காலைத் தட்டினாள். அதன் பிறகு ஆளில்லாத சாலை, மூடிய பம்புகள், வழியோரம் வயிறு காய்ந்து நிற்கும் லாரிகள். அவள் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. எந்த ஆமையும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசி இருநூறு கிலோமீட்டர் என் கால் மரத்துப்போனதா, அடங்கிப்போனதா, தெரியாது. இறங்கவே இல்லை.

எல்லைச் சாவடியில் அதிகாரி அக்காவின் அனுமதியைப் பார்த்து முத்திரை குத்தினார். டப். மூன்று வருடம் ஒரு சத்தத்தில் முடிந்தது. அப்புறம் என் பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார்.

"நீங்க போக முடியாது சார். அந்தப் பக்கமும் பெட்ரோல் இல்லே. காலையிலேர்ந்து, அங்கே தங்க அனுமதி இருக்கறவங்களை மட்டும்தான் விடறாங்க."

"அப்ப வண்டி?"

"ஓட்டறவங்க அவங்கதானே? தாராளமா போகலாம்."

அக்கா என்ஜினை அணைத்தாள்.

"திரும்பிடலாம்டா. தனியா என்னால முடியாது."

பதினைந்தாம் தேதி நான் பெஞ்சில் உட்கார்ந்து எதைக் கேட்க ஆசைப்பட்டேனோ, அதே வார்த்தை. தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஒரு தலையாட்டல் போதும்.

"திரும்பறதுக்கு டேங்க்ல என்ன இருக்கு? நாலு லிட்டர்" என்றேன். "அது அந்தப் பக்கம் போகத்தான் சரியா இருக்கும். நான் இறங்கினா இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூடவே ஓடும். தொண்ணூத்தாறு கிலோ அக்கா. கொஞ்சமா?"

"விளையாடாதேடா. பிரேக் போட ஆள் வேணும்."

"நானூத்து முப்பது கிலோமீட்டர் யார் போட்டா?"

நான் இறங்கினேன். கால் மரத்திருந்ததால் மன்னாதி மன்னன் மாதிரி இறங்க முடியவில்லை, மூட்டை மாதிரி இறங்கினேன். பின்பக்கம் போய் எல் போர்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"சாப்பாட்டு மேசை மேல நோட்டு இருக்கு" என்றாள் ஜன்னல் வழியாக. "யார் யாருக்கு எப்போன்னு எழுதியிருக்கேன். கடைசிப் பக்கம் உனக்கு."

முதல் கியர். அடித்தொண்டையில் நான் கொடுக்கும் சத்தத்தைவிட நன்றாகவே இருந்தது. குறுக்குக் கம்பம் மேலே எழுந்தது. வண்டி போனது. வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது. அளவாக, சரியான இடத்தில்.

மார்ச் 31

அக்கா மகள் போன். "மாமா, வந்துட்டாங்க! ரெண்டும் அம்மா மேல ஏறி உட்கார்ந்திருக்கு. வெள்ளை கலர்னு சொன்னீங்க, ஒரே புழுதி கலரா இருக்குன்னு சண்டை!"

ஏப்ரல் 2

ஒரு நாள் முழுக்க எல்லையில் காத்திருந்து, வெங்காய லாரி ஒன்றில் மூட்டைகளுக்கு மேல் வந்து சேர்ந்தேன். அழுததற்கு வெங்காயமே பொறுப்பு. மடியில் எல் போர்டு.

வாசலைத் தாண்டும்போது பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தேன். பெட்டி இல்லை.

ஏப்ரல் 8

வேலைநிறுத்தங்கள் எல்லாம் முடிந்தன. பெட்ரோல் ஆறாக ஓடுகிறது. தளபதி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கூவுகிறான்: "மாஸ்டர், எவ்வளவு வேணும்னாலும் வாங்க! முழு டேங்க்!"

எனக்கு டேங்கே இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரம்மா பாஸ். ஆறாவது முறை, இரண்டு வருடம் தூங்கிய தன் சொந்தக் காரில். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாராம். மாலையில் அதே காரில் வந்து வாசலில் ஹாரன் அடித்தார்.

"ஏறுங்க மாஸ்டர். லைசென்ஸ் ஆபீஸ் நாளையிலேர்ந்து புதுப்பிக்கறாங்களாம். காலையில நான் கூட்டிட்டுப் போறேன். இப்ப ஒரு ரவுண்டு."

அந்தக் காரில் என் பக்கம் பிரேக் கிடையாது. ஊரைச் சுற்றி வந்தோம். என் கால் வெறும் தரையை ஏழு முறை மிதித்தது. கார் அதற்கெல்லாம் நிற்கவில்லை, அவர் நிறுத்திய இடத்தில்தான் நின்றது.

வீட்டுக்கு வந்து அக்காவின் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அவள் கையெழுத்தில் ஒரே வரி: "மேசைக்கு அடியில் பார்."

ஃபாரத்தை உருவி எடுத்து மடிப்பு நீவினேன். எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டேன். லைசென்ஸ் வந்ததும் முதல் பிரயாணம் எங்கே என்று யாரும் கேட்கத் தேவையில்லை. வண்டி அங்கேதானே நிற்கிறது.

கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. இந்தப் பக்கமும் அப்படித்தான். மேசை ஆடுகிறது.